பாதி இரும்பு, பாதி கணக்கு: காத்தாடி டெஸ்ட் பெஞ்ச் ஏன் இப்படித் துடிக்கிறது?

முப்பந்தல்காற்று

எல்லோருக்கும் வணக்கம். ஆரல்வாய்மொழிப் பக்கம் பழைய காத்தாடிகளுக்கு (காற்றாலைகளுக்கு) பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் 225, 250 கிலோவாட் மெஷின்கள். கண்ட்ரோலர் போர்டு போய்விட்டால் அதே போர்டு இப்போது கிடைப்பதில்லை. அதனால் பி.எல்.சி. (தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கணினி) வைத்து நாங்களே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறோம். எழுதியதை நேரே டவரில் ஏற்றிப் பார்க்க மனசு வரவில்லை. வைகாசியில் கணவாயில் காற்று இறங்கினால் புரட்டாசி வரை விடாது. அந்த நேரத்தில் ஒரு மெஷின் ஒரு நாள் நின்றாலே முதலாளி முகம் பார்க்க முடியாது.

அதனால் தோவாளையில் ஒரு ஷெட்டில் சோதனை பெஞ்ச் போட்டோம். 5 எச்.பி. மோட்டார் இரண்டு, 4 போல் (நிமிடத்துக்கு 1500 சுற்று ரகம்), நடுவில் ரப்பர் உள்ள ஸ்டார் கப்ளிங்கில் நேருக்கு நேர். ஒன்று வி.எஃப்.டி. டிரைவில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓடி, காற்றும் இறக்கையும் செய்யும் வேலையைச் செய்யும். மற்றது ஜெனரேட்டர், சாஃப்ட் ஸ்டார்ட்டர் (மெதுவாக இணைக்கும் கருவி) வழியாக மூன்று ஃபேஸ் லைனில். இறக்கை, கியர்பாக்ஸ், டவர் எல்லாம் லேப்டாப்பில் கணக்காக ஓடும். பி.எல்.சி.க்கு இது நிஜக் காத்தாடி போலத் தெரிய வேண்டும்.

சிக்கல் இறக்கையின் இனெர்ஷியாவில்தான் (வேகம் மாற மறுக்கும் கனம்). பெஞ்சில் சுழலும் இரும்பு மொத்தம் 0.03 கி.கி.மீ². நிஜ மெஷினில் முழு வேகத்தில் சுழலும்போது சேர்ந்திருக்கும் ஆற்றல், முழு பவரில் 3 நொடிக்கு வரும் என்று வைத்து, பெஞ்சின் 3.7 கிலோவாட்டுக்கு (5 எச்.பி.) சுருக்கினால் 0.9 வேண்டும். இல்லாத 0.87-ஐ டிரைவ் நடிக்க வேண்டும். என்கோடரில் (தண்டின் சுழற்சியை எண்ணும் கருவி) வேகம் எடுத்து, அதிலிருந்து முடுக்கம் கணக்கிட்டு, காற்றின் டார்க்கிலிருந்து (சுழற்றும் விசை) 0.87 × முடுக்கத்தைக் கழித்து டிரைவுக்கு அனுப்பினோம். சரியான சமன்பாடுதானே?

ஆன் செய்த அரை நொடியில் தண்டு முன்னும் பின்னும் வெட்டியது. கப்ளிங் ரப்பர் துண்டு துண்டாக வெளியே வந்து விழுந்தது. அளந்து, கணக்கிட்டு, அனுப்பும் இந்த லூப் 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஓடியது, அது மெதுவோ என்று மைக்ரோகண்ட்ரோலருக்கு மாற்றி 1 மில்லிசெகண்ட் ஆக்கினோம். இன்னும் மோசம். இப்போது மூன்றாவது ரப்பர் போட்டிருக்கிறோம். யாராவது வழி சொல்லுங்கள்.

மண்டைக்காடு_டெஸ்ட்

தம்பி, சமன்பாடு சரி. அதைப் போட்ட இடம்தான் தப்பு. சில வருடம் டிரைவ் டெஸ்ட் பெஞ்சில் வேலை பார்த்திருக்கிறேன், இதே துடிப்பை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிமிடம் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். தண்டில் ஒரு சின்ன அசைவு, முடுக்கம் 1 என்று வைப்போம். கணினி அதை ஒரு படி தாமதமாகப் பார்த்து, 0.87 நியூட்டன் மீட்டரைக் குறைக்கிறது. அந்த 0.87 யார் மேல் விழுகிறது? 0.03 உள்ள இரும்பின் மேல். 0.87-ஐ 0.03-ஆல் வகுத்தால் 29. ஆக அடுத்த படியில் முடுக்கம் எதிர்ப்பக்கம் 29. அதற்கு அடுத்த படியில் 841. நாலாவது படியில் டிரைவ் தன் வரம்பில் முட்டி நிற்கும். ரப்பர் கிழிந்தது இதனால்தான்.

இந்தக் கணக்கில் எங்காவது மில்லிசெகண்ட் வந்ததா பாருங்கள். வரவில்லை. ஒரு படி தாமதம் இருக்கிற வரை, படி சின்னதானாலும் பெரிதானாலும் பெருக்கம் அதே 29-தான். லூப்பை வேகமாக்கினால் வெடிப்பதும் வேகமாகும். இந்த முறையில் நடிக்கிற இனெர்ஷியா, நிஜமாக இருக்கிற இனெர்ஷியாவை விடக் குறைவாக இருந்தால் மட்டுமே தாங்கும். அதாவது உங்கள் 0.03-க்கு மொத்தம் 0.06 வரைதான்.

இன்னொன்று. உங்கள் என்கோடர் 1024 பல்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன், நாலு மடங்காக எண்ணினால் சுற்றுக்கு 4096. 1 மில்லிசெகண்டில் ஒரே ஒரு எண் கூடக் குறைய வந்தால் வேகம் நொடிக்கு 1.53 ரேடியன் (ஒரு சுற்று 6.28 ரேடியன்) மாறியது போலத் தெரியும். அதை முடுக்கமாக்கினால் 1534. அதை 0.87-ஆல் பெருக்கினால் 1300 நியூட்டன் மீட்டருக்கு மேல்! உங்கள் மோட்டாரின் முழு டார்க்கே 24.5-தான். 10 மில்லிசெகண்டில் ஓடியபோது இதே சத்தம் (அளவில் வரும் பொய்த் துடிப்பு) 13 நியூட்டன் மீட்டராக இருந்திருக்கும். 1-க்கு மாற்றியதும் மோசமானதற்கு இது இரண்டாவது காரணம்.

குளச்சல்_வைண்டிங்

அக்கா சொல்வது சரி. ஆனால் முடுக்கத்துக்கு ஒரு ஃபில்டர் போட்டால் தீருமே? நாங்கள் போட் இன்ஜின் கவர்னருக்கு (வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) அப்படித்தான் செய்தோம், அமைதியாகிவிட்டது.

மண்டைக்காடு_டெஸ்ட்

அமைதியாகும். ஆனால் என்ன விலை என்று பார்க்க வேண்டும். மடங்கு 29 என்றால் ஃபில்டரின் நேர மாறிலி மொத்தத் தாமதத்தைப் போல 18 மடங்குக்கு மேல் இருந்தால்தான் நிலைக்கும். டிரைவ், வயர், லூப் எல்லாம் சேர்ந்து 20 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் ஃபில்டர் 360 மில்லிசெகண்ட் வேண்டும். அதன் எல்லை 0.44 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் இறக்கையின் கனம் ஜெனரேட்டருக்குத் தெரியவே தெரியாது.

225 கிலோவாட் மெஷினில் ரோட்டர் நிமிடத்துக்கு 40 சுற்றுப் போகும். மூன்று இறக்கையும் டவரைக் கடக்கும்போது விழும் உதறல் நொடிக்கு 2 முறை. பி.எல்.சி. பார்க்க வேண்டிய முக்கியமான விஷயமே அதுதான். அதைத் தின்றுவிடுகிற ஃபில்டரைப் போட்டு, பெஞ்ச் அமைதியாக ஓடுகிறது என்று சந்தோஷப்படுவதில் பயனில்லை. அந்த அமைதியை நம்பி டவர் ஏறினால் மேலே போய்த்தான் உண்மை தெரியும்.

சுங்கான்கடை_லேத்

நான் கணக்குப் படித்தவன் இல்லை, லேத் பட்டறை. ஆனால் படிக்கும்போதே தோன்றியது: இல்லாததை ஏன் நடிக்க வேண்டும், இரும்பையே மாட்டலாமே?

400 மில்லிமீட்டர் விட்டம், 25 மில்லிமீட்டர் தடிமன், எம்.எஸ். (சாதா இரும்பு) பிளேட். எடை 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை நாள் வேலை. 1500 சுற்றில் ஓடுகிற சாமான் என்பதால் கண்டிப்பாக பேலன்ஸ் பார்க்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். மேலே 5 மில்லிமீட்டர் பிளேட்டில் மூடி அடித்துத் தருவேன். மூடி இல்லாமல் ஒரு ஃப்ளைவீலும் என் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை.

மண்டைக்காடு_டெஸ்ட்

அண்ணாச்சி, நல்ல யோசனை. அந்தத் தட்டு 0.49 தரும். பெஞ்சோடு சேர்த்து 0.52. நடிக்க வேண்டியது 0.38 மட்டும். மடங்கு 29-இலிருந்து 0.7-க்கு இறங்கிவிடும், நிலைக்கும். சத்தமும் பாதிக்கு மேல் குறையும். ஒரே மாதிரி மெஷினுக்கு மட்டும் என்றால் இதையே சொல்வேன்.

ஆனால் தம்பிக்கு 225-ம் உண்டு, 250-ம் உண்டு. நாளைக்குப் பெரிய மெஷின் வந்தால் தட்டை மாற்ற வேண்டும். அதனால் வேறொரு வழி சொல்கிறேன், எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை.

இப்போது நீங்கள் வேகத்தை அளந்து டார்க்கை அனுப்புகிறீர்கள். அதைத் தலைகீழாக்குங்கள். டார்க்கை அளங்கள், வேகத்தை அனுப்புங்கள். ஜெனரேட்டர் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, காற்றின் டார்க்கிலிருந்து கழித்து, 0.9-ஆல் வகுத்து, கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். அந்த வேகத்தில் ஓடு என்று டிரைவிடம் சொல்லுங்கள். முன்பு வகையிட்டீர்கள், இப்போது தொகையிடுகிறீர்கள். வகையிட்டால் சத்தம் பெருகும், தொகையிட்டால் அடங்கும்.

கணக்கும் பாருங்கள். உங்கள் ஜெனரேட்டர் 1500-இலிருந்து 60 சுற்று ஏறினால் முழு டார்க் தரும். அதாவது வேகம் நொடிக்கு ஒரு ரேடியன் ஏறினால் 3.9 நியூட்டன் மீட்டர். அதை 0.9-ஆல் வகுத்தால் 4.3. இந்த லூப் கெட்டுப்போக 360 மில்லிசெகண்ட் தாமதம் வேண்டும். இனெர்ஷியா பெரிதாக ஆக இந்த வழி இன்னும் பத்திரமாகும். முதல் வழிக்கு அதுவே எமன். கனமான சாமானைக் கணக்கில் வைத்து லேசானதை இரும்பில் வைக்கிறபோது, எந்தப் பக்கத்திலிருந்து விசை போக வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து அசைவு போக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மோட்டார் வாங்குவதற்கு முன்பே.

மாத்தூர்_தூண்

சிவில் ஆள் நான், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் துறையில் இதே பிரச்சினைக்குப் பெரிய வரலாறு உண்டு. பாதி கட்டடத்தை ஆய்வகத்தில் ஜாக்கி வைத்துத் தள்ளி, மீதியைக் கணினியில் ஓட்டுவது. ஜப்பானில் தகனாஷி குழு 1975-இல் இதை மெதுவாக ஓட்டிக் காட்டியது. நிஜ நேரத்தில் ஓட்டியது நகஷிமா குழு, 1992-இல்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 28 தூண்கள். அத்தனையையும் ஆய்வகத்தில் கட்ட முடியாது. நமக்குச் சந்தேகமான ஒரு தூணின் அடிப்பாகத்தை மட்டும் நிஜமாகச் செய்து, மீதி 27-ஐயும் மேலே உள்ள தொட்டியையும் கணக்கில் வைக்கலாம். கணக்கு சொல்கிற அசைவை ஜாக்கி தரும், தூண் திருப்பித் தருகிற விசையை அளந்து கணக்குக்குக் கொடுப்போம். அக்கா சொன்ன இரண்டாவது வழி போலத்தான்.

ஆனால் எங்களுக்கு அந்த வழியும் எளிதல்ல. தூண் ஒரு ஸ்பிரிங். ஜாக்கி சற்றுத் தாமதமாகப் போனால், அளக்கிற விசை போன கணத்து விசையாக இருக்கும். ஒவ்வொரு ஆட்டத்திலும் கணக்குக்குக் கொஞ்சம் ஆற்றல் இலவசமாகச் சேரும். ஸ்பிரிங்கின் விறைப்பைத் தாமதத்தால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு டாம்பிங் (ஆட்டத்தை அடக்கும் தன்மை) மைனஸில் சேர்ந்தது போல. நொடிக்கு 2 முறை ஆடுகிற, 2 சதவீத டாம்பிங் உள்ள அமைப்பில் விறைப்பு முழுவதும் இரும்புப் பக்கம் இருந்தால், 3.2 மில்லிசெகண்ட் தாமதமே அதைக் கவிழ்த்துவிடும். உங்களுக்கு 360 கிடைத்திருக்கிறது என்றால் ஜெனரேட்டர் ஸ்பிரிங் இல்லை, டாம்பர் என்பதால்தான்.

கோதையாறு_கவர்னர்

ஓய்வு பெற்ற மின்துறை ஆள். நீர் மின் நிலையத்தில் கவர்னர் சோதனை செய்திருக்கிறேன். நிஜ கவர்னரை வைத்து, டர்பைனையும் பென்ஸ்டாக்கையும் (நீர் இறங்கும் குழாய்) கணக்கில் ஓட்டுவோம். அதில் எல்லையைத் தாண்டிப் போவது வெறும் சிக்னல். மில்லிஆம்பியர் போகும், மில்லிஆம்பியர் வரும். இந்தத் தம்பியின் பெஞ்சில் எல்லையைத் தாண்டிப் போவது பவர். கஷ்டம் அங்கேதான் கூடுகிறது, தம்பி மனம் தளர வேண்டாம்.

சிக்னல் சோதனையிலும் ஏமாற்று உண்டு. வாயிலைத் திறந்தால் பவர் ஏற வேண்டும் அல்லவா? குழாயில் உள்ள நீர் நகரத் தொடங்குவதற்குள் டர்பைன் வாயில் அழுத்தம் குறைந்து, முதலில் பவர் இறங்கும், பிறகுதான் ஏறும். கணக்கில் அதை வைக்காமல் சோதித்த கவர்னர் ஷெட்டில் அழகாக வேலை செய்யும், மலையில் ஹன்டிங் போடும் (நிலைக்காமல் ஏறி இறங்கி அலையும்).

நான் எழுத வந்தது வேறு. தம்பி, உங்கள் ஜெனரேட்டர் லைனில் தருகிற பவரை டிரைவ் அதே போர்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நஷ்டம் மட்டும்தான் மீட்டரில் ஓடும், அது நல்லது. ஆனால் கரண்ட் போனால் என்ன ஆகும்? ஜெனரேட்டரோடு கெப்பாசிட்டர் இருந்தால், சுற்றிக்கொண்டிருக்கிற தண்டு தானாகவே வோல்டேஜ் உண்டாக்கும், அது எகிறவும் செய்யும். அந்த நேரத்தில் யாராவது கரண்ட் இல்லை என்று நினைத்து டெர்மினலைத் தொட்டால்? சப்ளை போன உடனே ஜெனரேட்டரும் கெப்பாசிட்டரும் தனியாகக் கழன்றுகொள்ளும்படி காண்டாக்டர் (காயில் என்ற மின்சுருளால் இயங்கும் ஸ்விட்ச்) போடுங்கள். அந்தக் காயிலுக்கு வேண்டிய சப்ளையை லைனிலிருந்து எடுக்காதீர்கள், தனி ரிலே வைத்து லைனைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். அதைப் போட்ட பிறகு மற்றதைப் பேசலாம்.

முப்பந்தல்காற்று

சார், காண்டாக்டர் போட்டாயிற்று. லைன் ரிலேயும் போட்டாயிற்று. கரண்ட் போவது போல நாங்களே மெயினை இறக்கிப் பார்த்தோம், கழல்கிறது.

அக்கா சொன்ன வழிக்கு மாறினோம். மூன்று வாரம் ஆனது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

டார்க் சென்சார் விலை கேட்டதும் அந்த எண்ணத்தை விட்டோம். சுங்கான்கடை அண்ணாச்சி ஜெனரேட்டரை இரண்டு பக்கமும் பேரிங்கில் தொட்டில் போலத் தொங்கவிட்டு, பக்கத்தில் கால் மீட்டர் நீளத்தில் ஒரு கை வைத்துக் கொடுத்தார். கையின் நுனியில் 50 கிலோ லோட் செல் (எடை அளக்கும் சென்சார்). முழு டார்க்கில் சுமார் 10 கிலோ காட்டும். மீதி இடம் சாஃப்ட் ஸ்டார்ட்டர் இணையும்போது வருகிற குலுக்கலுக்கு.

முதல் தப்பு: எடை மெஷினில் போடுகிற சிப்பையே போட்டோம். அது நொடிக்கு 10 அல்லது 80 முறைதான் அளக்கும், 80-இலும் ஒரு மாற்றம் முழுசாகத் தெரிய 50 மில்லிசெகண்ட் எடுக்கும். அதோடு வேகத்தை டிரைவுக்கு மோட்பஸ்ஸில் (எண்களாகச் செய்தி அனுப்பும் முறை) அனுப்பினோம். 1 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கட்டளையாகக் கொடுத்து, திரும்பி வருவதைப் பக்கத்தில் வரைந்தோம். 32 டிகிரி பின்னால் இருந்தது. 360-ஆல் வகுத்தால் 89 மில்லிசெகண்ட்.

இரண்டாவது தப்பு எங்களை நாலு நாள் அலைக்கழித்தது. தண்டு எதற்கும் மசியவில்லை, காற்றை ஏற்றினாலும் மெதுவாக, தன் இஷ்டத்துக்கு ஏறியது. கணக்கில் தப்பு என்று நினைத்து மாடலை முழுவதும் திரும்ப எழுதினோம். கடைசியில் டிரைவின் அமைப்பில் ஆக்சிலரேஷன் நேரம் 10 நொடி என்று கிடந்தது. புதிதாக வாங்கும்போது இருந்தபடியே.

மூன்றாவது: டிரைவ் சாதாரண வி/எஃப் முறையில் (வேகத்தை அளக்காமல் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் மட்டும் மாற்றுவது) இருந்தது. 1530 என்று சொன்னால் லோடு வந்ததும் மோட்டார் தன் ஸ்லிப் (லோடில் வேகம் பின்தங்கும் அளவு) அளவுக்குக் கீழே இறங்கிவிடும். மோட்டாரின் ஸ்லிப்பும் 60 சுற்று, ஜெனரேட்டர் முழு லோடுக்கு ஏற வேண்டியதும் 60 சுற்று. அந்த நிலையில் வேகம் என்று நாங்கள் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. என்கோடரை டிரைவிலேயே இணைத்து வெக்டர் முறைக்கு மாற்றிய பிறகுதான் சொன்ன வேகத்தில் நின்றது.

இப்போது லோட் செல்லுக்குச் சாதாரண அனலாக் ஆம்ப்ளிஃபயர், வேகத்துக்கு 0-10 வோல்ட் வயர். அதே சைன் அலையில் 9 டிகிரி, 25 மில்லிசெகண்ட்.

சரிபார்க்க ஒரு எளிய வழி கண்டுபிடித்தோம். ஜெனரேட்டரை இணைக்காமல், மாடலில் காற்று டார்க் 3 நியூட்டன் மீட்டர் மட்டும் கொடுத்து, பூஜ்யத்திலிருந்து 1500 சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று ஸ்டாப்வாட்சில் பார்த்தோம். 0.9 இனெர்ஷியாவுக்கு 47 நொடி வர வேண்டும். வெறும் பெஞ்ச் என்றால் ஒன்றரை நொடியில் ஏறிவிடும். 47 வந்தது! 25 கிலோ இரும்பு எதுவும் இல்லாத தண்டு, பெரிய இறக்கையைச் சுமந்த மாதிரி நிதானமாக ஏறியதைப் பார்த்து எங்கள் பையன் ஒருவன் கையால் தொட்டுப் பார்க்கப் போனான். தடுத்தேன். மூடி அன்று மாலையே வந்தது.

மண்டைக்காடு_டெஸ்ட்

ரொம்ப சந்தோஷம் தம்பி. சைன் அலை வைத்துத் தாமதத்தை அளந்ததுதான் இதில் எனக்குப் பிடித்தது. பலர் டேட்டாஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டு அதை நம்புவார்கள்.

25 மில்லிசெகண்ட் நிலைப்புக்குப் போதும். ஆனால் 2 ஹெர்ட்ஸ் டவர் உதறலில் அது 18 டிகிரி தாமதம். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மாத்தூர்_தூண்

நாங்கள் முன்கூட்டிக் கணிப்போம். தாமத இடைவெளியில் எடுத்த கடைசி நாலு மதிப்புகளை 4, -6, 4, -1 என்று பெருக்கிக் கூட்டினால் அவ்வளவு நேரம் முன்னால் உள்ள மதிப்பு கிடைக்கும். ஆனால் அது சத்தத்தையும் பெருக்கும், லோட் செல் பக்கம் போடாதீர்கள். கணக்கிலிருந்து வெளியே போகிற வேகத்தில் மட்டும் போடுங்கள்.

குளச்சல்_வைண்டிங்

லேப்டாப்பில்தான் இன்னும் ஓடுகிறதா? சாதாரண சிஸ்டத்தில் லூப் திடீரென்று 50, 60 மில்லிசெகண்ட் தூங்கிவிடும். லினக்ஸ் 6.12 முதல் ரியல்டைம் வசதி கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. அல்லது மாடலை முழுவதும் மைக்ரோகண்ட்ரோலரிலேயே போட்டுவிடுங்கள்.

முப்பந்தல்காற்று

மைக்ரோகண்ட்ரோலரில்தான் ஓடுகிறது அண்ணே, லேப்டாப் படம் வரைவதற்கு மட்டும்.

டவர் உதறலுக்கு மாத்தூர் சார் சொன்னதைப் போட்டுப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. பிறகு இன்னொன்று தோன்றியது. உதறல் எப்போது வரும் என்பது காற்றைப் பொறுத்தது இல்லை, இறக்கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. அந்தக் கோணம் என் மாடலில்தான் இருக்கிறது, யாரும் வெளியிலிருந்து தருவதில்லை. 40 சுற்றில் 25 மில்லிசெகண்டுக்கு ரோட்டர் 6 டிகிரி நகரும். அதனால் உதறலைக் கணக்கிடும் இடத்தில் மட்டும் கோணத்தோடு 6 டிகிரியைக் கூட்டினேன். இப்போது தண்டில் அளக்கிற உதறலும் தனியாக ஓட்டிய சிமுலேஷன் உதறலும் ஒரே கோட்டில் விழுகின்றன. வேகம் மாறினால் டிகிரியும் மாற வேண்டும், அதையும் எழுதிவிட்டேன்.

நேற்று ராத்திரி பி.எல்.சி.யை முதல் முறையாக இணைத்தோம். குறைந்த காற்றில் ஜெனரேட்டரை இணைப்பதும் கழற்றுவதுமாக ஏழு முறை அடித்துக்கொண்டது. அதே தப்போடு டவரில் ஏற்றியிருந்தால் ஒரு ராத்திரியில் காண்டாக்டர் போயிருக்கும். இணைக்கிற வேகத்துக்கும் கழற்றுகிற வேகத்துக்கும் இடையில் இடைவெளி போதவில்லை. கூட்டிவிட்டு இன்று மாலை திரும்ப ஓட்டுகிறேன்.